நார்த் கோஸ்ட் 500: கூடாரமா, காம்பர்வேனா, மோட்டார்ஹோமா?

ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றிவரும் நார்த் கோஸ்ட் 500 பாதையில் முகாமிட்டுப் பயணம் செய்வது என்று முடிவெடுத்தவர்கள் அடுத்ததாகத் தடுமாறும் இடம், எதில் போவது, எதில் படுப்பது என்பதுதான். இன்வர்னஸ் கோட்டையில் தொடங்கி, மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறி, பிரிட்டன் பெருநிலத்தின் வட விளிம்பு நெடுகக் கிழக்கே சென்று, மீண்டும் இன்வர்னஸுக்கே இறங்கி வரும் இந்த வளையத்தின் நீளம் 516 மைல், அதாவது ஏறத்தாழ 830 கிலோமீட்டர். இதற்கென்று யாரும் புதிதாகச் சாலை போடவில்லை; நெடுங்காலமாக இருந்துவந்த ஊர்ச் சாலைகளைக் கோத்து 2015இல் ஒரு பெயர் சூட்டினார்கள், அவ்வளவுதான். பெயர் வந்ததும் கூட்டம் வந்தது. கூட்டத்துக்கு ஏற்பச் சாலை அகலமாகவில்லை. எந்த வாகனம் என்ற கேள்விக்கான விடையில் பாதி இங்கேயே இருக்கிறது.

இந்தப் பாதையில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, ஓர் ஆகஸ்ட் மாதத்தில், நாங்கள் நால்வரும் ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார், மாமியாருமாக ஆறு பேர், அடுப்பும் படுக்கைகளும் உள்ளேயே கொண்ட வீடு போன்ற பெரிய வாகனமான மோட்டார்ஹோம், ஏழு மீட்டர் நீளத்தில் ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சென்றோம். இரண்டாம் முறை, ஒரு மே மாதத்தில், மனைவியும் நானும் மட்டும் எங்கள் சிறிய காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு போனோம். படுக்கை வசதி செய்த சிறிய வேனான காம்பர்வேனில் நான் முழுப் பயணம் செய்ததில்லை. நண்பரின் வேனில் நான்கு நாள் கூடப் போன அனுபவம் மட்டுமே உண்டு. ஆகவே அந்தப் பகுதியில் என் சொல்லுக்குக் கொஞ்சம் எடை குறைத்தே மதிப்பிடலாம்.

முதலில் சாலையைப் பார்க்க வேண்டும். வளையத்தின் கிழக்குப் பாதி, அதாவது இன்வர்னஸிலிருந்து டோர்னக், டன்ராபின் கோட்டை, ஹெல்ம்ஸ்டேல், விக் வழியாக ஜான் ஓ'குரோட்ஸ் வரை, இரு திசைக்கும் தனித் தடம் உள்ள சாதாரண நெடுஞ்சாலை. அந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற ஆபத்தாக இருந்த பெரிடேல் கொண்டை ஊசி வளைவைக்கூட 2020இல் சீரமைத்துவிட்டார்கள். மேற்கும் வடமேற்கும் அப்படியல்ல. அங்கே பல பகுதிகள் ஒற்றைத் தடச் சாலைகள்: ஒரு வாகனம் மட்டுமே போகும் அகலம், இரு திசைப் போக்குவரத்தும் அதிலேயே, சிறு சிறு இடைவெளியில் வெள்ளைப் பலகை நட்ட ஒதுங்கிடங்கள். எதிரே வண்டி வந்தால் யாருக்கு ஒதுங்கிடம் அருகில் இருக்கிறதோ அவர் ஒதுங்க வேண்டும். அது நமக்கு இடப்பக்கம் இருந்தால் உள்ளே நுழைந்து நிற்கலாம். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையாமல், அதற்கு நேர் எதிரே நம் பக்கத்திலேயே நின்று, எதிரே வருபவர் அதற்குள் இறங்கி நம்மைச் சுற்றிக்கொண்டு போக வழி விட வேண்டும். பின்னால் வேகமாக வருபவரை முன்னே விடுவதற்கும் இதே இடங்கள்தாம். படம் எடுப்பதற்காக அங்கே வண்டியை நிறுத்துவதும், இரவில் அங்கேயே படுத்துவிடுவதும் உள்ளூர் மக்களின் கோபத்துக்கு முதற் காரணங்கள். மருத்துவர், பள்ளிப் பேருந்து, மீன் லாரி எல்லாம் அதே சாலையில்தான் போய்வர வேண்டும் என்பதை விடுமுறைக்கு வந்தவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த விதிகள் காரில் விளையாட்டுப் போலத்தான் இருக்கின்றன. முப்பது மீட்டர் பின்னால் போக வேண்டுமென்றால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். ஏழு மீட்டர் மோட்டார்ஹோமில், நடுக் கண்ணாடியில் சமையலறை அலமாரி மட்டுமே தெரியும் நிலையில், ஒரு பக்கம் கற்சுவரும் மறுபக்கம் சேற்றுப் பள்ளமுமாக, எதிரே பொறுமையிழந்து நிற்கும் நான்கு வண்டிகளின் முன்னிலையில் பின்னோக்கி ஓட்டுவது முற்றிலும் வேறு வேலை. அந்த முதல் பயணத்தில் நான் கடலைப் பார்த்ததைவிடப் பக்கக் கண்ணாடிகளைப் பார்த்ததே அதிகம். மாமனார் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை, இடப்பக்கம் கொஞ்சம் இடிக்கும் போல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு முறை இடிக்கவும் செய்தது. வாடகை நிறுவனம் அந்தக் கீறலுக்காகப் பிடித்துக்கொண்ட தொகையில் இரண்டு நல்ல கூடாரங்கள் வாங்கியிருக்கலாம்.

இரண்டு இடங்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஒன்று, கிஷார்னிலிருந்து ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பியாலாக் ந பா என்னும் கணவாய். மாடுகளின் கணவாய் என்பது அதன் பொருள். ஒரு காலத்தில் கால்நடைகளை ஓட்டிச் சென்ற வழி. கடல் மட்டத்திலிருந்து சில மைல்களுக்குள் 626 மீட்டர் ஏறுகிறது. ஏற்றம் சில இடங்களில் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். உச்சிக்கு அருகில் கொண்டை ஊசி வளைவுகள். பழகுநர் உரிமம் உள்ளவர்கள், மிகப் பெரிய வாகனங்கள், இழுவைக் கேரவன்கள் வரவேண்டாம் என்று அடிவாரத்திலேயே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகை மிகைப்படுத்தவில்லை. கொல்லிமலைச் சாலையில் ஓட்டிப் பழகியவருக்கு வளைவுகள் புதிதாக இரா; ஆனால் அங்கே இரு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கலாம், இங்கே முடியாது. பெரிய வாகனத்தில் இருப்பவர்கள் ஷீல்டெய்க் பக்கமிருந்து வரும் கரையோரச் சாலை வழியாக ஆப்பிள்கிராஸை அடையலாம். 1970களில்தான் முழுமையடைந்த அந்தச் சாலையும் ஒற்றைத் தடமே என்றாலும் அச்சமூட்டாது. இரண்டாவது, லாக்கின்வரிலிருந்து ஸ்டோர், டிரம்பெக் வழியாகக் கைல்ஸ்கூ பக்கம் போகும் பி869 சாலை. இந்த வளையத்திலேயே மிக அழகான துண்டு எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கணவாயைவிட இதுவே மோட்டார்ஹோமுக்குக் கடினமானது என்றும் சொல்வேன். திடீர் ஏற்றம், அதன் உச்சியில் எதிரே வருவது தெரியாத குருட்டு வளைவு, உடனே இறக்கம் என்று மைல்கணக்கில் அது போகிறது. பெரிய வண்டிக்காரர்கள் இதை விட்டுவிட்டு உள்பக்கமாக ஏ837, ஏ894 சாலைகளில் போவார்கள். 1984இல் படகுத்துறைக்கு மாற்றாக வந்த அழகிய வளைந்த கைல்ஸ்கூ பாலம் எப்படியும் அவர்களுக்குக் கிடைக்கும். ஆனால் ஆச்மெல்விக், கிளாக்டால் வெண்மணற் கடற்கரைகள் அந்தச் சிறு சாலையை ஒட்டியே இருக்கின்றன.

சுருங்கச் சொன்னால், மோட்டார்ஹோம் எடுத்தால் எந்தக் காட்சிகளுக்காக அத்தனை தூரம் போகிறோமோ அவற்றில் சிலவற்றை வாகனத்தின் அகலமே நமக்கு மறுத்துவிடும். ஐந்து மீட்டருக்கு உட்பட்ட சிறிய காம்பர்வேன் இந்தக் குறையிலிருந்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அது ஒரு பெரிய காரைப் போலத்தான் நடந்துகொள்ளும். சாதாரண நிறுத்துமிடக் கட்டத்திலும் அடங்கும்.

அடுத்தது சட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுப்பவர்களே மிகுதி. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான திறந்த நிலத்தில் பொறுப்புடன் நடமாடவும் தங்கவும் எல்லோருக்கும் உரிமை தந்திருக்கிறது. நில உரிமையாளரிடம் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் இப்படி ஓர் உரிமை டார்ட்மூர் பகுதியில் மட்டுமே எஞ்சியிருந்தது. அதுவும் நீதிமன்றம் வரை போய், 2025இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் நிலைத்தது. ஸ்காட்லாந்தின் உரிமை கூடாரம் போடுபவருக்கு உரியது. மோட்டார் வாகனத்தில் உறங்குபவருக்கு அது பொருந்தாது. காம்பர்வேன் வைத்திருப்பவர் கண்ட இடத்தில் நிறுத்திப் படுப்பது "காட்டு முகாம்" என்ற பெயரில் நியாயப்படுத்தப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சாலையை விட்டு இறங்கி நிலத்தில் ஓட்டிச் செல்வது குற்றம். சாலையோரம் வண்டியை நிறுத்த இறங்குவதற்குச் சட்டம் தரும் சிறிய விலக்கு, அங்கே இரவு தங்கும் உரிமை ஆகாது. இந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான ஹைலண்ட் மன்றம் காம்பர்வேன், மோட்டார்ஹோம் பயணிகளுக்காகத் தன்விருப்பக் கட்டணத் திட்டம் ஒன்றை 2024இல் அறிமுகப்படுத்தியதே, சாலையோரத்தில் சேர்ந்த கூட்டமும் குப்பையும் பொறுக்க முடியாத அளவுக்குப் போனதால்தான்.

ஆக, வாகனத்தில் படுப்பவர் ஒவ்வோர் இரவும் முகாம் மனை (கட்டணம் செலுத்திக் கூடாரமோ வாகனமோ போட்டுத் தங்கும் இடம்) ஒன்றிலோ, இரவு தங்க அனுமதி உள்ள வேறு இடத்திலோ இடம் பிடித்தாக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அதை மாதக்கணக்கில் முன்னரே பதிவு செய்தாக வேண்டும். "நினைத்த இடத்தில் நின்று, நினைத்த இடத்தில் படுக்கலாம்" என்று வாடகை விளம்பரங்கள் காட்டும் சுதந்திரம் உண்மையில் கூடாரக்காரருக்கே கிடைக்கிறது. அதற்கும் ஒழுங்கு உண்டு: சிறு எண்ணிக்கையில், வீடுகளுக்கும் சாலைக்கும் தள்ளி, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் இல்லாமல், வந்த சுவடே தெரியாமல் கிளம்ப வேண்டும். கரிநிலத்தில், அதாவது மட்கிய செடிகொடிகள் தடிப்பாகப் படிந்த சதுப்பு நிலத்தில், தீ மூட்டக்கூடாது. மேலே அணைந்ததாகத் தெரிந்தாலும் அடியில் புகைந்துகொண்டே போகும். கிளாஸ்கோ வழியாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடாரம் போட முடியாது.

இந்த உரிமையின் மதிப்பை நான் சாண்ட்வுட் விரிகுடாவில் உணர்ந்தேன். கின்லாக்பெர்விக்கு அப்பால் பிளேர்மோர் என்னும் சிற்றூரில் காரை நிறுத்திவிட்டு நான்கு மைல் நடந்தால் ஏறத்தாழ ஒன்றரை மைல் நீள இளஞ்சிவப்பு மணற்கரை; அதன் தென்முனையில் "மேய்ப்பன்" என்று பொருள்படும் அம் புவாகில் என்ற தனிப்பாறை கடலில் நிற்கிறது. அங்கே சாலை கிடையாது, கடை கிடையாது, கழிப்பறை கிடையாது. மணல்மேட்டுக்குப் பின்னால் கூடாரம் போட்டு, மே மாத இரவில் பத்து மணிக்கு மேலும் மங்காத வெளிச்சத்தில் இருவரும் சாப்பிட்டோம். எவ்வளவு விலையுயர்ந்த வாகனம் வைத்திருந்தாலும் அந்த இரவை அதில் பெற முடியாது.

ஆனால் கூடாரத்தின் பக்கம் மட்டுமே பேசினால் அது வழக்கறிஞர் வாதமாகிவிடும். காற்று, மழை, மிட்ஜ் என்ற மூன்று எதிரிகள் அதற்கு உண்டு. அட்லாண்டிக் காற்று தடையின்றி வந்து மோதும் கரை இது. வீட்டுத் தோட்டத்தில் அழகாக நிற்கும் உயரமான குடும்பக் கூடாரங்கள் இங்கே ஒரே இரவில் மடிந்து போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வடகரை ஊரான டர்னஸில் பாறை விளிம்புக்கு மேலே போட்டிருந்த எங்கள் சிறிய கூடாரத்தின் கம்பி ஒன்றும் அப்படித்தான் ஒடிந்தது. ஒட்டுநாடாவும் சமையல் கரண்டியின் காம்பும் வைத்துக் கட்டி இரவை ஓட்டினோம். தாழ்வான, காற்றை வழுக்கிவிடும் வடிவமுள்ள கூடாரம்தான் வேண்டும். தலை நிமிர்ந்து நிற்க முடியாதே என்ற குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மே மாதத்திலும் இரவுக் குளிர் உறைநிலையை நெருங்கலாம். தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுக்கும் மெத்தையில் காசு மிச்சம் பிடிப்பவர், போர்வை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் நடுங்குவார்.

மிட்ஜ் என்பது கொசுவை விடப் பல மடங்கு சிறிய, கடிக்கும் பூச்சி. ஒன்று இரண்டாக வராது, மேகமாகத்தான் வரும். மே இறுதியில் தலைகாட்டத் தொடங்கி, ஜூலை, ஆகஸ்டில் உச்சமடைந்து, செப்டம்பரில் அடங்கும். விடியலிலும் அந்தியிலும், காற்றில்லாத ஈரமான நேரத்தில், மேற்குக் கரையில் மிகுதி. கிழக்கே போகப் போகக் குறையும். மணிக்கு ஏழு மைலுக்கு மேல் காற்று வீசினால் அவற்றால் பறக்க முடியாது என்பதால், அங்கே முகாமிடுபவர்கள் காற்று வேண்டாம் என்று வேண்டுவதா, வேண்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல் தவிப்பார்கள். தலைக்கு வலை, ஸ்மிட்ஜ் போன்ற பூச்சித் தடுப்புத் திரவம் இரண்டும் கட்டாயம். புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். அது லைம் நோயைப் பரப்பக் கூடியது என்பதால் ஒவ்வோர் இரவும் கால்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மிட்ஜ் காலத்தில் வாகனத்துக்குக் கூடாரத்தைவிடத் தெளிவான மேன்மை உண்டு: கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைக்கலாம், உட்காரலாம். ஆகஸ்ட் பயணத்தில் டொரிடன் மலையடிவாரத்தில் ஒரு மாலை முழுவதும் நாங்கள் ஆறு பேரும் மோட்டார்ஹோமுக்குள் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கூடாரத்துத் தம்பதியர் நடந்துகொண்டே சாப்பிட்டார்கள், நின்றால் மொய்த்துவிடும்.

ஆகவே எந்த வாகனம் என்ற கேள்வியை எந்த மாதம் என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாது. மே மாதம் அங்கே பொதுவாக ஆண்டின் உலர்ந்த மாதங்களுள் ஒன்று. மிட்ஜும் பெரும்பாலும் இல்லை, பள்ளி விடுமுறைக் கூட்டமும் இல்லை. ஜூன் பிற்பகுதியில் வட கரையில் பகல் வெளிச்சம் 18 மணி நேரத்துக்கு மேல் நீளும். ஆனால் மிட்ஜ் எழுந்துவிடும். மேயில் போக முடிந்தவர் கூடாரத்தைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். பள்ளி விடுமுறை காரணமாக ஆகஸ்டைத் தவிர வேறு வழியில்லாதவருக்கு என் வாதத்தின் பாதி வலு போய்விடுகிறது. அவர் சிறிய காம்பர்வேனைப் பற்றி யோசிப்பது நியாயம்.

சமையல் பற்றி நம்மவர்கள் யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மோட்டார்ஹோமில் அடுப்பு, குளிர்பெட்டி, கழுவுதொட்டி எல்லாம் உண்டு. மாமியார் மூன்று வேளையும் சோறு, குழம்பு வைத்தார். ஆனால் அதே அறையில்தான் ஆறு பேரின் படுக்கையும் இருக்கிறது. இரண்டாம் நாள் பொரித்த கருவாட்டு மணம் ஏழாம் நாள் தலையணையிலும் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்வதற்கென்று தனிக் கட்டணம் கேட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய காம்பர்வேனில் நிலைமை இன்னும் நெருக்கடி. கூடாரப் பயணத்தில் வெளியே ஒற்றை அடுப்பு. காற்றுத் தடுப்புத் தகடு இல்லாமல் அது எரியாது. கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தீயைவிடக் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுதான் கொல்லும். நாங்கள் சிறிய குக்கர் ஒன்றைக் கொண்டுபோனோம். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டுப் பொங்கல், புளிக்காய்ச்சல் பாட்டில், பருப்புப் பொடி, ஊறுகாய். இதற்கு மேல் தேவைப்படவில்லை. காய்கறி வாங்க உல்லாப்பூலிலும் தர்சோவிலும் விக்கிலும் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. இடையில் ஊர்க் கடைகள்தாம். மீன் வாங்கத் துறைமுக ஊர்களான லாக்கின்வரும் கின்லாக்பெர்வியும் நம்பிக்கை தரும், ஆனால் பிடிபடுவதில் பெரும்பகுதி லாரியேறித் தெற்கே போய்விடுகிறது.

செலவைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை. சொந்தக் காரும் கூடாரமும் மிகவும் மலிவு. வாடகை மோட்டார்ஹோம் மிகவும் விலை. அந்த விலைக்கு மேலே முகாம் மனைக் கட்டணமும் மிகுந்த எரிபொருளும் சேரும். பல குடும்பங்கள் மோட்டார்ஹோம் விடுதிச் செலவை மிச்சப்படுத்தும் என்று கணக்குப் போடுகின்றன. உண்மையில் காருடன் எளிய விடுதி அறைகளை எடுத்துத் தங்கினாலும் பல சமயம் அதைவிடக் குறைவாகவே முடியும். லண்டனிலிருந்து இன்வர்னஸ் ஏறத்தாழ 570 மைல். இடையில் ஒரு நாள் தங்காமல் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யூஸ்டனிலிருந்து இரவில் புறப்படும் கலிடோனியன் ஸ்லீப்பர் ரயிலில் படுத்துக்கொண்டே போய், இன்வர்னஸில் காரை வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழி. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் தங்கள் நாட்டு முழு உரிமத்தைக் கொண்டு 12 மாதம் வரை இங்கே கார் ஓட்டலாம். சாலையின் இடப்பக்க ஓட்டமும் அவர்களுக்குப் பழக்கமானதே. வாடகை நிறுவனங்களின் வயது, அனுபவ நிபந்தனைகளை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூடாரத்துக்குச் சாதகமான இன்னொரு காரணம் பலருக்கும் தோன்றாதது. கூடாரத்தை ஓரிடத்தில் நட்டுவிட்டால் கார் விடுதலை பெறுகிறது. கிளாக்டாலில் மூன்று இரவு தங்கினோம். ஒரு நாள் ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் என்னும் அறுபது மீட்டர் உயரக் கடற்பாறையைப் பார்க்கக் கலங்கரை விளக்கத்திலிருந்து நடந்தோம்; ஒரு நாள் நாக்கன் கிராக் போனோம். அங்கே பழைய பாறை புதிய பாறையின் மேல் ஏறிக் கிடக்கிறது. நிலவியல் அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் சண்டையிட்டு, நிலத்தட்டு பக்கவாட்டில் தள்ளப்பட்டதால்தான் இப்படி ஆனது என்று முடிவுக்கு வந்த இடம் அது. மூன்றாம் நாள் மழை; புத்தகம் படித்தோம். வாகனத்தில் உறங்குபவர் ஒரு ரொட்டி வாங்கப் போகவேண்டுமென்றாலும் படுக்கையை மடித்து, பாத்திரங்களைக் கட்டி, வீட்டையே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதனாலேயே அவர் தினமும் நகர்ந்துகொண்டே இருக்கிறார். அதனாலேயே எதையும் பார்க்காமல் வளையத்தை முடித்துவிடுகிறார்.

இது பாதையைப் பற்றிய கேள்விக்குக் கொண்டுவிடுகிறது: முழு வளையமா, பாதியா? ஒரு வாரத்தில் 516 மைலையும் முடிப்பது இயலாததன்று. அது ஓட்டுநருக்குத் தண்டனை. ஏழு நாள் மட்டுமே உள்ளவர்கள் இன்வர்னஸிலிருந்து ஆப்பிள்கிராஸ், டொரிடன், உல்லாப்பூல், கிளாக்டால் வழியாக டர்னஸ் வரை ஏறி, லாக்ஸ்ஃபோர்ட் பாலத்திலிருந்து ஏ838 சாலையில் உள்நாட்டு ஏரிகளின் ஓரமாக லெய்ர்குக்கு இறங்கித் திரும்புவதே மேல். அப்படிச் செய்தால் ஸ்மூ குகை கிடைக்கும். சிறுவயதில் கோடை விடுமுறைக்கு டர்னஸுக்கு வந்துகொண்டிருந்த பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனின் நினைவுத் தோட்டமும் கிடைக்கும். ஜான் ஓ'குரோட்ஸ் கிடைக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை. பலரும் நினைப்பதுபோலப் பிரிட்டன் பெருநிலத்தின் வடகோடி அதுவன்று, டன்னட் ஹெட்தான் என்பதும், ஜான் ஓ'குரோட்ஸில் பலரும் செய்வது ஒரு பலகையின் முன் படம் எடுத்துக்கொள்வதுதான் என்பதும் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழக்கில் நான் உண்மையில் இழப்பதாக நினைப்பது இரண்டு: டங்கன்ஸ்பி முனையின் கூம்புப் பாறைகள்; 2024இல் உலக மரபுரிமைச் சின்னமான ஃப்ளோ கன்ட்ரி கரிநிலப் பரப்பு. பெட்டிஹில்லில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்டுப் பண்ணைகளுக்காக ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு மக்கள் வெளியேற்றப்பட்ட வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. நாம் "ஆளரவமற்ற அழகு" என்று வியக்கும் நிலம் ஏன் ஆளரவமற்றுப் போனது என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம். பத்து நாளுக்கு மேல் உள்ளவர்கள் முழு வளையத்தையும் சுற்றலாம்.

திசையைப் பொறுத்தவரை, மேற்கே தொடங்கி வலஞ்சுழியாகச் செல்வதையே நான் விரும்புகிறேன். இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் அப்படிச் சென்றால் கடல் எப்போதும் நம் பக்கம் இருக்கும்; இடப்பக்க இருக்கையில் அமர்பவருக்கு மறைப்பில்லாத காட்சி கிடைக்கும்; பியாலாக் ந பாவின் வளைவுகளைப் பிரேக்கை மிதித்தபடி இறங்காமல் ஏறிக் கடக்கலாம். கடினமான சாலையை உடல் புத்துணர்வோடு இருக்கும் முதல் நாட்களில் முடித்துவிடுவதும் நல்லது. சிறந்ததைக் கடைசிக்கு வைக்க விரும்புபவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள்; அவர்களைத் தடுக்க என்னிடம் வலுவான காரணம் எதுவும் இல்லை.

ஆகையால் என் பரிந்துரை ஒரே மாதிரி எல்லோருக்கும் பொருந்துவதன்று. இருவராகவோ, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுடனோ மே மாதத்தில் போகிறவர்கள் சிறிய காரும் தாழ்வான கூடாரமும் எடுத்துக்கொண்டு, உல்லாப்பூல் அல்லது டர்னஸில் ஓரிரு இரவுகளை இளைஞர் விடுதியில் முன்பதிவு செய்து வைத்தால் போதும்; துணி காயவும் சுடுநீரில் குளிக்கவும் அந்த இரவுகள் உதவும். கைக்குழந்தையுடன் போகிறவர்களும், ஆகஸ்டைத் தவிர்க்க முடியாதவர்களும் சிறிய காம்பர்வேனைத் தேர்ந்தெடுக்கலாம்; முகாம் மனைகளைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். வயதானவர்களுடன் போகிறவர்களுக்கு இரவில் எட்டும் தூரத்தில் கழிப்பறை என்பது ஆடம்பரமன்று, தேவை. அவர்களுக்கு மோட்டார்ஹோமை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் மேற்கைத் தொடவேண்டாம். கிழக்குச் சாலையில் டன்ராபின், விக், டன்னட் விரிகுடா என்று நிதானமாகப் போய், தர்சோவுக்கு அருகில் உள்ள ஸ்கிராப்ஸ்டரில் கப்பலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஆர்க்னி தீவுகளின் ஸ்ட்ராம்னஸில் இறங்கலாம். ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ஸ்காரா பிரே குடியிருப்பு, கற்றூண் வட்டங்கள், கடல் எல்லாம் அங்கே உண்டு, கணவாய் கிடையாது.

அடுத்த ஆண்டு மாமனாரும் மாமியாரும் மீண்டும் வருகிறார்கள். அவர்களுக்காக ஆர்க்னி வழியைத்தான் குறித்து வைத்திருக்கிறேன். இந்த முறை நான் தேடிக்கொண்டிருப்பது ஆறு மீட்டருக்குக் குறைவான மோட்டார்ஹோம். கருவாடு எடுத்து வரவேண்டாம் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.